பவுண்டரியில் நின்ற ஆளை விசாரிக்கப் போனது

பவுண்டரியில் நிற்க வைக்கப்படுகிறவன் ஆட்டத்துக்கு உதவாதவன் என்று ஐம்பத்திரண்டு வயது வரை நான் மனதார நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அந்த நம்பிக்கைக்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. ஆதாரம் நான்தான். சின்ன வயதில் எங்கள் தெரு டீமில் பேட் பிடிக்கத் தெரிந்தவன் பேட் பிடிப்பான், பந்து போடத் தெரிந்தவன் பந்து போடுவான், பந்தை வாங்கி வந்தவன் கேப்டன். அந்தக் கேப்டன் என்னைப் பார்த்ததும் யோசிக்கவே மாட்டான். தூரத்தில் தெரியும் வேலிகாத்தான் புதரைக் கைகாட்டி, "நீ அங்க போய் நின்னுக்கோடா" என்பான். முள்ளுக்குள் போன பந்தை எடுத்து வருவது என் உத்தியோகம். எப்போதாவது கேட்ச் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிற மாதிரி கையை நீட்டுவேன். பந்து தலையில் விழும்.

ஆகவே விக்கெட்டிலிருந்து ஒருவன் எத்தனை தூரம் தள்ளி நிற்கிறானோ அத்தனைக்கு அவனிடம் சரக்குக் கம்மி என்பது என் முடிவு. இந்த முடிவோடு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒருநாள் காலை, கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நான் இட்லியை அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தபோது, என் மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். திருவள்ளூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். ஊசி குத்துவதற்கு முன்னால் ஆளைப் பேச்சில் இழுக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அன்று அதுகூட இல்லை, நேரே குத்திவிட்டாள்.

"நைனா, நான் ஒருத்தர விரும்புறேன். கிரிக்கெட் ஆடுறாரு."

ஒரு தகப்பன் இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருக்கின்றன. என் வாயில் வந்தது வேறு.

"எங்க நிப்பாரு?"

"இன்னா நைனா?"

"ஃபீல்டிங்ல எங்க நிப்பாருன்னு கேக்குறேன்."

"பவுண்டரில."

இட்லி தொண்டையிலேயே நின்றுவிட்டது. அடுப்படியிலிருந்து என் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். அவளுக்கு ஆட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது பொருட்டில்லை.

"வேல பர்மனெண்ட்டா?"

"காண்ட்ராக்ட்தாம்மா. ஒரு கிடங்குல. ஆனா..."

"இந்த 'ஆனா'வ வச்சிக்கினு ஒல வைக்க முடியுமா?"

மகள் அந்த 'ஆனா'வை விளக்கினாள். ஆள் வேப்பம்பட்டுக்காரர். வயது இருபத்தாறு. மாவட்டத்தில் கீழ் டிவிஷன் லீக்கில் ஆடுகிறார். சென்னையில் மேல் டிவிஷனில் ஒரு கம்பெனி டீம் இருக்கிறது. ஆளைப் பிடித்துவிட்டால் டீமிலும் சேர்த்து, நிரந்தர வேலையும் போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் கம்பெனியின் கோச் இந்த சீசன் முடிவதற்குள் ஒருமுறை இவரைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"அந்த வேல கெடச்சா பேசலாம்" என்றாள் என் மனைவி. அவளைப் பொறுத்தவரை விசாரணை அத்தோடு முடிந்தது.

மகள் என் பக்கம் திரும்பினாள். "நீ போய்ப் பாரு நைனா. ஆளு தேறுவாரா மாட்டாரான்னு பாத்துட்டு வந்து சொல்லு. நீ வேணாம்னா நான் சண்ட போட மாட்டேன்."

சண்டை போடுவேன் என்று சொல்லியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். சண்டைக்கு நான் பழகியவன். போட மாட்டேன் என்றாளே, அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. அப்படியானால் நான் சொல்வதுதான் முடிவு. என் வாழ்க்கையில் நான் சொன்னது முடிவானதே இல்லை. வீட்டுக்கு எந்தக் கலர் பெயின்ட் என்பதில்கூட.

தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பு ஆலையில் தரம் பார்ப்பவன் நான். பம்புக்கும் வால்வுக்கும் வார்த்து வருகிற இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்துவிட்டு, மேலே வெள்ளையைத் தெளித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிற இடத்தில் சிவப்புக் கோடு மெல்ல எழும்பி வரும். நல்லதற்குப் பச்சைச் சீட்டு, சந்தேகத்துக்கு மஞ்சள், தேறாததற்குச் சிவப்பு. இருபத்து மூன்று வருடமாக என் பச்சைச் சீட்டோடு போன ஒரு சரக்கும் திரும்பி வந்ததில்லை. அன்றைக்குக் கையுறை போட மறந்து சாயத்தைத் தொட்டுவிட்டேன். முழங்கை வரை சிவப்போடு கேன்டீனுக்குப் போனால், "இன்னாண்ணா, யாரைப் போட்டுட்டு வர்ற?" என்றார் கேட் செக்யூரிட்டி. என்னைத்தான் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எங்கள் சொந்தத்தில் மாப்பிள்ளை விசாரிக்கப் போவது நான்தான். அதற்கென்று முறை இருக்கிறது. ஆளின் வீட்டில் கேட்கக் கூடாது, நண்பனிடமும் கேட்கக் கூடாது. டீக்கடையிலும் துணி தேய்க்கிறவரிடமும் வேறு எதையோ பேசுகிற மாதிரி பேசிக் கறக்க வேண்டும். என்ன விஷயமாக வந்தோம் என்பதற்கு ஒரு பொய் தயாராக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பொய்தான், அதுவும் அசைக்க முடியாத பொய்: "மனை பாக்க வந்தேன்." செவ்வாப்பேட்டையிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் வெட்டவெளியில் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு நின்றால் அவன் மனை பார்க்கிறான் என்று அர்த்தம். மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் வீடு செவ்வாப்பேட்டை. வேப்பம்பட்டு அடுத்த ஸ்டேஷன். வேவு பார்க்கப் போவதற்கு இதைவிடக் கிட்டத்தில் இடம் கிடைக்காது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தொப்பி, முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டி, மகளின் நீலக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த குழந்தை என்னைப் பார்த்து அழுதது.

ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மைதானம். மூன்று பக்கமும் மனைக்கல் நட்டு, கலர் கொடி கட்டிவிட்டிருந்தார்கள். நடுவில் அந்த ஒரு வெளி மட்டும் எப்படியோ தப்பித்துக் கிடந்தது. ஓரத்தில் டீக்கடை. அங்கிருந்த அக்காவிடம் என் பொய்யைச் சொல்லிவிட்டு, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. எல்லோருக்கும் அப்பால் தனியாக, நெடுநெடுவென்று, வெயிலில் நட்டுவைத்த மாதிரி நின்றிருந்தார். ஃபோனில் மகள் காட்டிய அதே முகம். கையோடு கொண்டுபோன நோட்டைப் பிரித்தேன். உயரம் சரி. முட்டி சரி. நடை சரி. பிறகு எழுத ஒன்றும் இல்லை. ஆட்டம் முழுக்க அவர் பக்கம் பந்து வந்தது நான்கு தடவையோ ஐந்து தடவையோ. குனிந்து எடுத்தார், கிட்டே ஓடிவந்தவரிடம் உருட்டிவிட்டார், பழைய இடத்துக்குப் போய் நின்றார். வேலிகாத்தான் புதர் மட்டும்தான் இல்லை. மற்றபடி அது நானேதான்.

என் மகளைக் கட்டிக்கொள்ளப் போவது இன்னொரு நான்! அவள் அம்மா பட்டது போதாதா? 'வேலை கம்மி' என்று எழுதினேன். சிவப்பு என்று போட மனம் வராமல் 'மஞ்சள்' என்று போட்டேன்.

அடுத்த ஞாயிறு ஸ்கோர் எழுதுகிற ஆட்டோக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மனைக்குத் தண்ணீர் எப்படி, ரோடு எப்படி என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மெதுவாக, "அதோ அங்க நிக்கிறவரு வேல செய்ய மாட்டாரா? பந்தே வர மாட்டேங்குதே" என்றேன்.

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாருக்கு ஆட்டம் புதுசா? அவன் பக்கம் எவன் சார் அடிப்பான்? அடிச்சாலும் ரெண்டாவது ரன்னு ஓட மாட்டானுங்க. ஓடுனவன்லாம் ஊட்டுக்குப் போய்ட்டான்."

எனக்கு உடனே புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் புரியவைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பேட்ஸ்மேன், விவரம் தெரியாதவர், அந்தப் பக்கம் தட்டிவிட்டு இரண்டாவது ரன்னுக்குத் திரும்பினார். நம் ஆள் கோட்டருகே ஓடிவந்து பந்தை எடுத்ததைப் பார்த்தேன். கை சுழன்றதைப் பார்த்தேன். நடுவில் பந்தைப் பார்க்கவில்லை. ஸ்டம்ப் பறந்ததைப் பார்த்தேன்.

டீக்கடை அக்கா உட்பட எல்லோரும் கத்தினார்கள். நான் மட்டும் குடைக்கடியில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். உதவாத ஆள் என்றால் எனக்குக் கஷ்டமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மகள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதைப் பொறுத்துக்கொண்டால் போதும். இவர் நல்ல ஆட்டக்காரர்! நல்ல ஆட்டக்காரரை என்ன செய்வது? கோச் கூப்பிடுவார், நாளைக்குக் கூப்பிடுவார் என்று முப்பத்தைந்து வயது வரைக்கும் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருப்பாரே. பக்கத்தில் என் மகளும் அதே ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருப்பாளே. உதவாதவனைக் கட்டிக்கொண்டவள் சீக்கிரம் தெளிந்துவிடுவாள். இது அப்படி இல்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரையை அன்று காலையில் ஒன்று, மறந்துபோய் மத்தியானம் ஒன்று போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு நான் மாட்டினேன்.

உணவு இடைவேளையில் ஏழெட்டு பேர் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். முன்னால் கேப்டன், காலில் பேடு கட்டியபடி.

"இன்னா சார், மூணு வாரமா வந்து வந்து பாத்துக்கினு போறீங்க. எத்தினி கிரவுண்டு பேசி முடிச்சிருக்கீங்க?"

"நானா? சும்மா..."

"சும்மாவா? மனை பாக்க வந்தேன்னு அக்காகிட்ட சொல்லிக்கிறீங்க. இங்க இருக்குற ஒரே காலி எடம் இதுதான். நோட்டுல இன்னா எழுதுறீங்க, பிளானா?"

ஒருவர் நோட்டைப் பிடுங்கிப் பிரித்தார். "டேய், 'மஞ்சள்'னு போட்டுக்கிறாருடா. மஞ்ச கல்லு நடப் போறானுங்கடா!"

பாவம், அவர்களுக்கு இருந்ததும் பயம்தான். மைதானம் போய்விடுமே என்ற பயம். அதை அனுதாபத்தோடு யோசிக்கிற நிலையில் நான் அன்றைக்கு இல்லை. தப்பித்து ஓட எந்தப் பக்கம் வசதி என்று பார்த்தேன். பவுண்டரிப் பக்கம்தான் திறந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்துதான் அவரும் வந்தார்.

"டேய், உடுங்கடா. அவரு மனை பாக்க வர்ல. என்னப் பாக்க வந்துக்கிறாரு."

கேப்டனின் முகம் மாறிய வேகத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. "செலக்டரா? சார், மொதல்லயே சொல்லக் கூடாதா சார்! டேய், சாருக்குச் சேர் எடுத்தாடா." ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பிஸ்கட் வந்தது. மனைத் தரகனாக இருந்தபோது ஒருமடங்கு பயந்தேன், செலக்டரானதும் மூன்று மடங்கு பயந்தேன்.

மற்றவர்கள் போனதும் அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "மொத வாரமே தெரிஞ்சிடுச்சு அங்கிள். குடைய வச்சி."

"குடையா?"

"ஒரு கம்பி ஒடஞ்சிருக்கும். மழைல ஸ்டேஷன்லருந்து நாங்க ரெண்டு பேரும் இந்தக் குடைலதான்..." நடுவிலேயே நிறுத்திக்கொண்டார். நானும் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டேன்.

விசாரிப்பின் முறையெல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது. நேராகக் கேட்டுவிட்டேன். "தம்பி, மேல் டிவிஷனுக்குப் போயிடுவியா?"

அவர் வலது தோளை மெல்லச் சுழற்றிப் பார்த்தார். பாதி சுற்றில் நின்றது. "தெரியாது அங்கிள். தோளு போய்க்கினு இருக்குது. ஒரு மேட்ச்சுக்கு ரெண்டு மூணு த்ரோ தாங்கும். அதுக்கு மேல போட்டா மறுநாள் லோடு எறக்க முடியாது. அதான் சும்மா வர்ற பந்த உருட்டி உட்டுடறேன். ஓட மாட்டானுங்கன்ற பேர வச்சித்தான் ஓட்டிக்கினு இருக்கேன்."

"டீம்ல தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"அவளுக்கு?"

"மொத மாசமே சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஏம்பா சொல்ற?"

"நீங்க விசாரிக்க வந்துக்கிறீங்க. இத வேற யாரு உங்களுக்குச் சொல்லுவா?"

எத்தனையோ மாப்பிள்ளைகளை விசாரித்திருக்கிறேன். வேறு ஊரில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தவனைக்கூடத் துணி தேய்க்கிறவர் மூலமாகப் பிடித்திருக்கிறேன். தன் விரிசலைத் தானே சாயம் தடவிக் காட்டிய ஆளை அதற்கு முன் பார்த்ததில்லை. என்ன பதில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். "டீ நல்லாருக்குது" என்றேன். அன்று நான் டீ குடிக்கவே இல்லை.

வீட்டுக்குப் போனால் மகள் கேட்டுக்கருகில் நின்றிருந்தாள். "தோள் விஷயம் சொன்னாரா?"

"சொன்னாரு."

"அம்மாகிட்ட?"

"ஒரு வாரம் போவட்டும்."

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான். நான்கு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பக்கம் பார்த்தால் அந்த வேலை அவருக்குக் கிடைக்கக் கூடாது. கிடைத்தால் தோள் ஒரே சீசனில் போய்விடும். இன்னொரு பக்கம் கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்காவிட்டால் என் மனைவி சம்மதிக்க மாட்டாள். இரண்டுக்கும் சேர்த்துச் சாமி கும்பிட்டேன். சாமி குழம்பியிருக்கும்.

நான்காவது ஞாயிறு கோச் வந்தார். வெள்ளை டீ-ஷர்ட், கழுத்தில் விசில், பேச்சுக் குறைவு. கேப்டன் அவரை நேராக என்னிடம் கூட்டிவந்து, "சாரும் வாரா வாரம் பாக்குறாரு சார்" என்று சொல்லிப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார்.

கோச் கேட்டார்: "ஆளு எப்படி சார்? தோள் நல்லா இருக்கா? தூரத்துல நிக்கிறவனுக்கு அதுதான் சொத்து."

இருபத்து மூன்று வருடத்தில் விரிசல் தெரிந்த சரக்குக்கு நான் பச்சைச் சீட்டு ஒட்டியதில்லை. விரல் நுனியில் சிவப்புச் சாயம் இன்னும் இருக்கிற மாதிரியே எனக்குத் தெரிந்தது. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

"தோளா? இரும்பு சார்" என்றேன்.

முதல் த்ரோ என் பொய்யைக் காப்பாற்றியது. கோட்டிலிருந்து எறிந்தது கீப்பர் கையில் போய் உட்கார்ந்தது, ஆள் அவுட். கோச் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவதும் சரியாகப் போனது, உயரம் மட்டும் கொஞ்சம் கம்மி. அத்தோடு போதும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தபோதே மூன்றாவது வந்தது. எதிர் டீமில் எல்லோரும் அன்றைக்கு அந்தப் பக்கமே அடித்தார்கள். மூன்றாவது, பாதி மைதானத்தில் விழுந்து உருண்டது. பேட்ஸ்மேன்கள் நின்று பார்த்தார்கள். அடுத்த பந்தில் மூன்று ரன் ஓடினார்கள். நம் ஆள் எறியவில்லை. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்து கொடுத்தார். ஓடி வரும்போது வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். ஸ்கோர் எழுதுகிறவர் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

கோச் தன் நோட்டை மூடினார். என் பக்கம் திரும்பினார். கோபமாகத் தெரியவில்லை.

"நீங்க அவருக்கு என்ன வேணும் சார்?"

டீக்கடை அக்கா கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். என் நாக்கில் பதில் தயாராகவே இருந்தது. நான் யாருமில்லை சார், மனை பாக்க வந்தேன். நான்கு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய். எழுந்து, குடையை விரித்து, ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போய், 'ஆளு தேறலம்மா' என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. அவளும் சண்டை போட மாட்டாள். பயந்தாங்கொள்ளிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. வாயைத் திறந்தேன்.

"மாமனாரு சார்."

சொன்னது நான்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். கோச் சிரித்தார். "அதான் இரும்புன்னீங்களா? டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க" என்று தோளில் தட்டிவிட்டுக் கிளம்பினார். எங்கள் பக்கத்தில் நாலு பேர் காதுபட ஒருவன் மாமனார் என்று சொல்லிக்கொண்டால் அதன்பின் திரும்ப வழியில்லை. டீக்கடை அக்காவுக்கு மாப்பிள்ளையின் அம்மாவைத் தெரியும், செய்தி அந்த வழியாக எங்கள் தெருவுக்கே போய்விட்டது. நான் ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதற்குள் என் மனைவி ஃபோனில் இருந்தாள்.

"இன்னாங்க, வேல கெடச்சிடுச்சா? சம்பந்தம் பேசிட்டீங்களாமே?"

பிளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டு, வேலை கிடைக்கவில்லை என்று சொன்னேன். "ஊட்டுக்கு வாங்க" என்றாள். வாழ்க்கையில் எத்தனையோ ரயில்களுக்காகக் காத்திருந்திருக்கிறேன். வராமலே போகட்டும் என்று நினைத்தது அந்த ஒரு ரயிலைத்தான்.

அந்தக் கம்பெனி அவரை எடுக்கவில்லை. வேறு எந்தக் கம்பெனியும் பார்க்க வரவில்லை. ஆறு மாதம் கழித்து ஆவணியில், திருவள்ளூரில் ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. ஊருக்கே தெரிந்துபோன சம்பந்தத்தை என் மனைவி தடுக்கவில்லை, முகூர்த்தம் முடியும் வரை என்னோடு பேசவும் இல்லை. தோள் முழுதாகச் சரியாகவில்லை. மாப்பிள்ளை அதே கிடங்கில், இப்போது இடது தோளில் லோடு தூக்குகிறார், இன்னும் காண்ட்ராக்டில்தான்.